நாலு முருங்கைக்காய்

"அம்மா, காரு வந்துருச்சு!" என்று மகள் இன்னாசிமேரி சன்னலிலிருந்து சொன்னபோது, சகாயம்மாள் கூடத்துத் தரையில் கடைசிக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலி வரை முழத்துக்கு ஒன்றாய்ப் பன்னிரண்டு சுண்ணாம்புக் கோடுகள். மாதம் ஒருமுறை மதராஸிலிருந்து சேலத்துக்கு வரும் நரம்பு டாக்டர் சொன்ன வைத்தியம். முப்பது வருஷம் பையன்களை லெஃப்ட் ரைட் போடவைத்த அவள் வீட்டுக்காரர், டிரில் மாஸ்டர் தோமினிக்குக்கு இப்போது நடுக்குவாதம். கை ஆடும், கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும். டாக்டர் தன் அறையில் நாலு கோடு கிழித்து, "தாண்டுங்க மாஸ்டர்" என்றார். ஒட்டிய கால் தாண்டியது. சகாயம்மாள் அங்கேயே அழுதுவிட்டாள்.

"கால் மறந்ததைக் கண்ணு எடுத்துக் குடுக்கும்மா. ஆனா வியாதிய ஒளிச்சு வைக்காதீங்க. ஒளிக்க ஒளிக்க நடுக்கம் கூடும்" என்றார் டாக்டர்.

முதல் பாதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டாவது பாதிக்கு, கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருப்பவளிடம் இடமில்லை. முந்தைய வரன் மாஸ்டரின் கையைப் பார்த்துவிட்டு, கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனது. இதுவும் போனால்?

அதனால்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் துடைத்தாள். நிமிர்ந்தால், நாற்காலி காலி. அவள் ஈரத்துணி எடுக்கப் போன நேரத்தில், கோடு இருக்கும்போதே, மெடல் குத்திய கோட்டு மாட்ட அறைக்குப் போயிருந்தார்.

மாப்பிள்ளையும் அவன் அம்மா ஆரோக்கியமும் உள்ளே வந்தார்கள். ஜலகண்டாபுரத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம்.

"சம்பந்தி வரலீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடினாள் சகாயம்மாள்.

"கார்லயே இருக்கட்டுங்க. அவருக்கு வெயிலு ஒத்துக்காதுங்க."

வாசல் வரை வந்து வீட்டுக்குள் வராத சம்பந்தியா? சகாயம்மாள் காப்பியோடு காருக்கு ஓடினாள். மனிதர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, கோயில் சுரூபம் மாதிரி முகம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இருக்கட்டுங்க."

ஒரு சிரிப்புக்கூட இல்லை. என்ன கர்வம்! அவள் காப்பியோடு திரும்பியபோது அறை வாசலிலிருந்து கிசுகிசுப்பு.

"சகாயம், கோடு எங்கடி?"

"துடைச்சுட்டேங்க."

"யாரைக் கேட்டுத் துடைச்ச? கால் வரல."

சுண்ணாம்பு கொல்லையில். அடுப்படியில் சாம்பாருக்குப் போக மிஞ்சிய முருங்கைக்காய் இருந்தது. அள்ளி வந்து, முழத்துக்கு ஒன்றாகத் தரையில் குறுக்கே வைத்தாள்.

"என்னங்க அது?" என்றாள் ஆரோக்கியம்.

"காய வைக்கிறோமுங்க."

"நடுக்கூடத்துலயா?"

"அதுக்கும் வெயிலு ஒத்துக்காதுங்க."

மாஸ்டர் புறப்பட்டார். "லெஃப்ட்... ரைட்..." ஒவ்வொரு காயாகத் தாண்டினார். மெடல்கள் கிணுகிணுத்தன. நாற்காலிக்கு நாலு முழம் இருக்கும்போது காய் தீர்ந்துபோனது. மாஸ்டர் நடுக்கூடத்தில் நட்ட கல்லாக நின்றார். கை மட்டும் ஆடியது. மாப்பிள்ளை காப்பி டம்ளருக்குள் எதையோ தேடினான்.

சகாயம்மாள் அவர் பின்னால் கிடந்த காய்களில் நாலைப் பொறுக்கி முன்னால் வைக்கக் குனிந்தாள். குனிந்தவளுக்கு நிமிரத் தோன்றவில்லை. மூன்று மாதமாகச் சுமந்த பொய், ஒரு கை முருங்கைக்காயாகக் கனத்தது.

"நடுக்குவாதமுங்க," என்றாள் தரையைப் பார்த்தபடி. "டாக்டர் மறைக்காதீங்கன்னாரு. மறைச்சது நாந்தான். பொண்ணு மேல தப்பில்லைங்க."

நாலு காயையும் வைத்தாள். "லெஃப்ட்... ரைட்..." மாஸ்டர் தாண்டிப் போய் நாற்காலியில் அமர்ந்தார். பொய் இறங்கியதாலோ என்னவோ, கை கொஞ்சம் அடங்கியிருந்தது.

ஆரோக்கியம் எழுந்தாள். போகப்போகிறாள் என்று சகாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, ஆரோக்கியம் அந்த நாலு காயையும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இதைக் கார்கிட்டப் போட்டுப் பாக்கறனுங்க. எங்க ஊட்டுக்காரரும் வந்ததுலருந்து கால் வராமத்தான் உள்ள உக்காந்திருக்காரு."