மணி அடிக்காத வாரம்

ஐந்து பேருக்குக் காப்பி போட்டாயிற்று. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்டா,” என்றார் ஈர்க்கு, வாசல் கதவைப் பார்த்தபடி. “அஞ்சு மணிக்கு மேல யாராவது வருவாங்க.”

ஐந்தரை ஆயிற்று. ஆறும் ஆயிற்று. அழைப்பு மணி வாயே திறக்கவில்லை. நாலு நாளாக இதே கதைதான். கடைசியில் வீணாக்க மனசில்லாமல், விருந்தாளியாக வந்திருந்த தபால்காரரே மூன்று கோப்பை குடித்துத் தீர்த்தார்.

ஈர்க்கு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். அப்போது ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருந்தார். இப்போது அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகுகிறது. பேர் மட்டும் இன்னும் இளைத்தே இருக்கிறது. வெளிநாட்டுக்கு வந்து முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்து ஓய்வு பெற்றவர். ஊர் லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிய அந்த மனுஷன் குடியிருந்தது, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. மகன் வேறு ஊரில் இருக்கிறான்.

தபால்காரர் அவருடைய பால்ய சினேகிதர். முப்பத்தாறு வருஷம் வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்தவர். அவர் ஓய்வு பெற்ற மறு மாதமே ஈர்க்கு டிக்கெட் அனுப்பிவிட்டார்.

“ஊரார் கடுதாசியெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பியே காலத்தை ஓட்டிட்டீங்க. நீங்களும் ஒரு தடவை போய்ட்டு வாங்க,” என்று வீட்டம்மா பெட்டி கட்டிக் கொடுத்தாள். பதினைந்து நாள் பயணம். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும்.

சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். காலையில் யாரும் எழுப்புவதில்லை. முனைக்கடையில் சூடாக ரொட்டி வாங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பேரும் பிய்த்துத் தின்பார்கள். டிராமில் ஏறி, எங்கே போகிறது என்று கேட்காமலே கடைசி நிறுத்தம் வரை போவார்கள். ஈர்க்கு ஊரைச் சுற்றிக் காட்டிய விதமே தனி. கோபுரம், மியூசியம் என்று எதையும் காட்டவில்லை. லிஃப்ட் காட்டினார்.

“இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் இருக்கே, இது நான் கயிறு மாத்தினது. ஏறிப் பாரு, வயித்துல தண்ணி அசையாது.”

தபால்காரர் ஏறிப் பார்த்தார். அசையவில்லை. பதினோரு லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டார். பதிலுக்கு அவர் தெருவோரத் தபால் பெட்டி ஒவ்வொன்றையும் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தட்டிக் கொடுப்பது போலத்தான்.

எல்லாவற்றையும் விட அவர் மனசு குளிர்ந்தது வேறொரு விஷயத்தில். வந்த புதிதில் தினமும் சாயங்காலம் மணி அடிக்கும். இரண்டாம் மாடி நர்ஸம்மா வருவார். நாலாம் மாடி வயலின் டீச்சர் வருவார். முதல் மாடியில் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர். அவர்கூட ஏதோ காகிதத்தைக் கொடுக்கிற சாக்கில் வந்து, உட்கார்ந்து, காப்பி குடித்து, சீட்டும் ஆடிவிட்டுப் போவார். ஈர்க்கு விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த ஊர் மொழியில் தபால்காரருக்குத் தெரிந்தது ‘வணக்கம்’, ‘நன்றி’, ‘ரொட்டி’ என்ற மூன்றே வார்த்தைகள். அதனால் என்ன? சிரிப்புக்கு அகராதியா வேண்டும்?

‘அப்பாடா, இவன் இங்கே தனியா இல்லை,’ என்று அவர் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியில்தான் மண் விழுந்துவிட்டது.

“ஏண்டா, யாரும் வரக் காணோமே. நீ போய்க் கூப்பிட்டா என்ன?” என்று கேட்டுப் பார்த்தார்.

“சும்மா எப்படிடா போய்க் கதவத் தட்டறது? ஒரு காரணம் வேணாமா?” என்று சொல்லிவிட்டு ஈர்க்கு சன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த அகலமான முதுகைப் பார்த்தபடி தபால்காரர் கோப்பைகளைக் கழுவி வைத்தார்.

காரணம் வேறு யாராக இருக்க முடியும்? இத்தனை வருஷமாக வந்துகொண்டிருந்தவர்கள் விருந்தாளி வந்ததும் நின்றுவிட்டார்கள் என்றால், கோளாறு விருந்தாளியிடம்தான். நாம் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். இவன் இந்த நாலு சுவருக்குள் வாய் பேச ஆளில்லாமல் கிடப்பான். டிக்கெட் போட்டு அழைத்தவனுக்கு நாம் செய்த கைம்மாறு இதுதானா?

முதலில் சந்தேகம் பால்கனி மேல் விழுந்தது. அங்கேதான் அவர் லுங்கியைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். நேர் கீழே நர்ஸம்மா வீட்டுப் பூந்தொட்டிகள். ‘அடக் கடவுளே, சோப்புத் தண்ணி!’ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்றே துணியையெல்லாம் வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டார். மறுநாள் காலை ஈர்க்கு, கொடிக்கு அடியில் இருந்த பூட்ஸுக்குள் காலை விட்டார். களக் என்றது.

“என்னடா இது, பூட்ஸுக்குள்ள குளம் வெட்டியிருக்கே?”

“வெயில்ல காஞ்சா லுங்கி சாயம் போயிடும்டா,” என்று சமாளித்தார் தபால்காரர். அன்று டிராம் பயணம் ரத்து. மணியும் அடிக்கவில்லை.

அடுத்த சந்தேகம் பாட்டு. குளியலறையில் அவர் வாய்விட்டுப் பாடுவார். தலைக்கு மேலே இருப்பது வயலின் டீச்சர்; சங்கீதம் தெரிந்தவர் எத்தனை நாள் பொறுப்பார்? மறுநாள் வாயை இறுக மூடிக்கொண்டு குளித்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்காமல் குளித்தார். வெளியே வந்தால் ஈர்க்கு கையில் தெர்மாமீட்டரோடு நிற்கிறார்.

“உடம்பு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“பாட்டக் காணோமே! எங்கிட்ட மறைக்காத. வாயத் தொற.”

வாயைத் திறந்தார். ஜுரம் இல்லை. ஈர்க்கு நம்பவில்லை. படகில் போவதாக இருந்த நாளில் கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டார். நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கப் பள்ளிக்கூடக் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘எப்படிப்பட்டவன்! இவனைத் தனியாக்கிவிட்டேனே பாவி’ என்று கம்பளிக்குள் தபால்காரருக்குக் கண் கலங்கியது. அது வியர்வை என்று ஈர்க்கு இன்னொரு மாத்திரை கொடுத்தார்.

இத்தனை சங்கடத்திலும் அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அதை ஈர்க்குவிடம்கூட அவர் சொல்லவில்லை.

கட்டட வாசலில், மாடிப்படியின் கீழே, சுவரில் எட்டு அறை கொண்ட மர அலமாரி ஒன்று. வீட்டுக்கு ஓர் அறை, அடியில் நம்பர். பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது. காலை பத்து மணிக்குக் கடுதாசிகள் அதில் வந்து விழும். போன வாரம் ரொட்டி வாங்கப் போகும்போது தற்செயலாகப் பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார். ஈர்க்கு வீட்டு ஆறாம் நம்பர் கடுதாசி மூன்றில். மூன்றாம் நம்பர் கடுதாசி எட்டில். எட்டாம் நம்பருக்கு வந்த சங்கீதப் பத்திரிகை ஜட்ஜ் அறையில் சுருண்டு கிடக்கிறது!

‘என்ன அநியாயம்! நம்பர் படிக்கத் தெரியாதவனையா வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?’

கை துருதுருத்தது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கடுதாசி வீடு மாறிப் போனதில்லை என்று பேர் எடுத்த கை அது. இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் எடுத்து, சரியான அறையில் போட்டுவிட்டார். அன்று முதல் தினமும் பத்தேகாலுக்கு ‘ரொட்டி’ என்று சொல்லிவிட்டு இறங்குவார். வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் புகார் போகும். முகம் தெரியாத ஆளாக இருந்தால் என்ன, அவனும் பை சுமக்கிறவன்தானே? சக ஊழியன் வயிற்றில் அடிப்பதா? நம்மால் இந்தக் கட்டடத்துக்கு இந்த ஒரு உபகாரமாவது நடக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தது. மறுநாள் விமானம். இனித் தாமதித்தால் ஆகாது. ஈர்க்கு சவரம் செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு தபால்காரர் படி இறங்கினார். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு.

ஜட்ஜ் கதவைத் திறந்தார்.

“வணக்கம்,” என்றார் தபால்காரர். முதல் வார்த்தை தீர்ந்தது. மீதியைக் கையால்தான் சொல்ல வேண்டும். தன் நெஞ்சைத் தொட்டார். மூன்றாம் மாடியைக் காட்டினார். இரண்டு கையையும் இறக்கையாக விரித்து, ‘உஷ்ஷ்ஷ்’ என்று விமானம் போல ஒரு பாய்ச்சல் பாய்ந்து காட்டினார். நாளைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் சினேகிதன் அழுவான் என்று அர்த்தம். கடைசியாகக் கைகூப்பி, “நன்றி,” என்றார்.

ஜட்ஜின் முகம் வெளுத்துப் போயிற்று. பிஸ்கட் டின்னைக் கவனிக்கவே இல்லை. தபால்காரரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். நர்ஸம்மா செருப்பில்லாமல் ஓடி வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். வயலின் டீச்சர் நாலாம் மாடியிலிருந்து வில்லோடு இறங்கி வந்தார். மூன்று பேருமாக அவரை நடுவில் விட்டு, பதவிசாக மாடி ஏற்றினார்கள்.

‘எவ்வளவு பாசம்! மன்னித்துவிட்டார்கள்!’ என்று தபால்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜட்ஜே கையைப் பிடித்து அழைத்து வருவது என்றால் சும்மாவா?

பாதிக் கன்னம் நுரையோடு ஈர்க்கு கதவைத் திறந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வயலின் டீச்சர் உள்ளே ஓடிப்போய்ப் பால்கனிக் கதவைத் தாழ்போட்டார்.

“டேய்!” என்று ஈர்க்கு அலறினார். “மாடியிலேர்ந்து குதிக்கப் போறேன்னு சொன்னியாமே!”

“நானா? ஐயோ, அது ஏரோப்ளேன்டா!”

“ஏரோப்ளேனா?”

“நாளைக்கு ஊருக்குப் போறேன், இவனைக் கொஞ்சம் பாத்துக்குங்கன்னு சொன்னேன்!”

ஈர்க்கு மொழிபெயர்த்தார். அப்புறம் ஜட்ஜ் சிரிக்க ஆரம்பித்தவர்தான், நாற்காலி தேடி உட்கார வேண்டியதாயிற்று. ஐந்து பேருக்குக் காப்பி வந்தது. இந்தத் தடவை ஐந்து கோப்பையும் காலி.

ஈர்க்குவின் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. தபால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எல்லாருக்கும் சொல்லு,” என்றார். “லுங்கித் தண்ணிக்கும் பாட்டுக்கும் என்னை மன்னிக்கணும். என்னாலதானே நீங்கள்லாம் இங்க வர்றத நிறுத்திட்டீங்க?”

நர்ஸம்மா கையை ஆட்டி மறுத்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம் என்றார். வயலின் டீச்சரோ, பாட்டு நின்றதிலிருந்து பொழுதே விடிகிற மாதிரி இல்லை என்றார்.

“அப்போ ஏன் வரலையாம்?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜட்ஜ் தலையைச் சொறிந்தார்.

“அவருக்கே தெரியலையாம்,” என்றார் ஈர்க்கு. “கோவம் எதுவும் இல்லியாம். என்னமோ, இந்த வாரம் வர்ற மாதிரி ஒண்ணும் அமையலையாம்.”

அப்போது மணி அடித்தது.

வாசலில் நீல உடுப்பில் ஒரு அம்மா. நரைத்த தலை, தோளில் கனத்த பை. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தபால்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். அவருடைய தோளும் அப்படித்தான் இறங்கியிருக்கும். மற்ற வீட்டுக் கதவையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, பேச்சுக் குரல் கேட்டு இங்கே வந்தாளாம்.

“கீழ அலமாரியில தினமும் கடுதாசிய மாத்தி வைக்கிறது யாருன்னு கேக்கறாங்க,” என்றார் ஈர்க்கு, ஒன்றும் புரியாமல்.

தபால்காரர் நிமிர்ந்தார். மறைத்து என்ன ஆகப் போகிறது?

“நான்தான். கோச்சுக்க வேணாம்னு சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. முப்பத்தாறு வருஷம் இதே வேலை பாத்தவன். தப்பு யாருக்கும் வர்றதுதான். வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியலியோ என்னமோ. கண்ணாடி மாத்தச் சொல்லு.”

ஈர்க்கு சொன்னார். அந்த அம்மா தபால்காரரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் வரவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, அறையில் இருந்தவர்களை விரலால் ஒவ்வொருவராகக் காட்டி நிதானமாக ஏதோ சொன்னாள். நர்ஸம்மா கோப்பையைக் கீழே வைத்தார். வயலின் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜட்ஜ் மெல்ல எழுந்து அந்த அம்மாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

“என்னடா சொல்றாங்க? எல்லாரும் ஏன் இப்படி ஆயிட்டாங்க? சொல்லேன்டா!”

ஈர்க்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

“‘என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, இவர் பெண்டாட்டி செத்துப் போனதிலேர்ந்து நான் வேணும்னேதான் மாத்திப் போடறேன் — கையில ஒரு கடுதாசி இல்லேன்னா, இந்தக் கட்டடத்துல யார் போய் யார் வீட்டுக் கதவத் தட்டப் போறாங்க?’”