முதல் நிலை வாங்கிய ஆதிலைப் பற்றி மைனிக்கு

மேலப்பாளையம்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பும் மரியாதையும் உள்ள மைனி ஹமீது பீவி அவர்களுக்கு, நாத்தனார் ஆசியா உம்மாள் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ரிப்போர்ட் கார்டு வந்த அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான், நீங்கள், எதிர்வீட்டு முஃபீதா, சுற்றிய பீடியைக் கொடுக்கப் போகிற வழியில் உட்கார்ந்த சுடலைவடிவு அக்கா, உங்கள் மகள் அஸீலா, என் மகன் ஆதில். துபாயிலிருந்து ஆதிலின் வாப்பா போனில் இருந்தார். பாதி நேரம் வாய் திறந்தபடியே படம் நின்றுவிட்டதால் அவரை அரை ஆளாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆக, ஆறரை பேர் முன்னிலையில் நான் செய்த தப்புக்காக இந்தக் கடிதம். நீங்கள் அஸீலாவைக் கூட்டிக்கொண்டு பத்தமடையில் உங்கள் உம்மா வீட்டுக்குப் போனதும், பதினோரு தடவை அடித்தும் போனை எடுக்காததும் நியாயம்தான். அங்கே எல்லாரும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். நாங்கள் நலம் என்று எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் படித்தே மீதியைக் கற்றுக்கொண்டேன். தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும் என்கிற பெருமை என்னைக் கெடுத்துவிட்டது மைனி. கார்டில் மார்க் இல்லை, ராங்க் இல்லை, பாடத்துக்குப் பாடம் 'நிலை' என்று ஒரு எண் மட்டும் இருந்தது. ஆதிலுக்கு நான்கு பாடத்தில் ஒன்று, அறிவியலில் இரண்டு. அஸீலாவுக்கு நான்கு பாடத்தில் நான்கு, இங்கிலீஷில் மூன்று. நான் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்து, "ஆதில் ஆறு, அஸீலா பத்தொம்பது. கொறஞ்சவனுக்குத்தான் மொதல் எடம்" என்று சத்தமாகத் தீர்ப்புச் சொன்னேன். அதோடு விட்டேனா? "ஏலே, அறிவியல்ல மட்டும் ஏம்லே ரெண்டு? கவனமாப் படிச்சிருந்தா ஒண்ணு வாங்கியிருக்கலாம்லா?" என்று அவன் காதைத் திருகினேன். பாவி மகன் ஒரு பேச்சும் பேசாமல் தரையைப் பார்த்தான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, அஸீலாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடு என்று அவனையே உட்கார வைத்தேன். "ஏழெட்டு அம்பத்தி நாலு" என்றான். அஸீலா பைய, "அம்பத்தாறுல்லா" என்றாள். "மொதல் நிலைக்காரன் சொல்லுதான், எதுத்துப் பேசாத" என்று அதட்டிவிட்டேன். மைனி, எனக்கும் ஐம்பத்தாறு என்றுதான் தோன்றியது. இருபது வருஷமாகத் தெருவுக்கே பீடிக் கணக்கு எழுதுகிறவள், என் மனக்கணக்கை விட்டுவிட்டு அந்த அட்டையை நம்பினேன். அதே வாயால்தான், "பிள்ளைக்குப் படிப்பு ஏறல, தையலுக்கு விட்டுருங்க மைனி" என்றும் சொன்னேன். நீங்கள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். நான் சொன்னபடியே அவளைப் பத்தமடையில் தையலுக்கு விட்டுவிட்டதாகப் பிறகு முஃபீதா சொன்னாள். நானோ அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ருக்கு இரண்டு ரக்அத் தொழுது, தெருவுக்கு நெய்ச்சோறு கொடுத்தேன். சோறு போனால் போகிறது. அந்தத் தொழுகையை அல்லாஹ்விடம் எந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நேற்று பிரேமலதா டீச்சர் வரச் சொன்னார்கள். பாராட்டத்தான் என்று ஒரு தூக்குச்சட்டி வட்டலப்பம் கொண்டு போனேன். டீச்சர் ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு, "அஸீலா ஏன் பத்து நாளா வரல?" என்றார்கள். நான் தையல் கதையைச் சொன்னதும் அவர்களுக்குப் புரை ஏறிவிட்டது.

"யம்மா, இது பிள்ளைக்கும் பிள்ளைக்கும் போட்டி இல்ல. ஏழாங்கிளாஸ் பிள்ளைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பட்டியல் இருக்கு. அதுல ஒண்ணுன்னா இன்னும் வாசப்படியில நிக்கான்னு அர்த்தம். நாலுன்னா யார் தொணையும் இல்லாம தானே செய்யுதா. கார்டுக்குப் பின்னாடி போட்டிருக்கே, பாக்கலியா?"

அரபை வலமிருந்தும் தமிழை இடமிருந்தும் ஓதவும் படிக்கவும் தெரிந்த எனக்கு, ஒரு அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை மைனி.

வீட்டுக்கு வந்ததும், அன்று இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். முஃபீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுடலைவடிவு அக்கா பொத்தவில்லை. "ஏட்டி ஆசியா, ஒம் மவன் வாசப்படியில நிக்கதுக்கா ஊருக்கே சோறு போட்ட? உள்ள வந்தாம்னா கெடா வெட்டுவியோ?" என்று சிரித்த சிரிப்பில் பீடிக்கட்டு அவிழ்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் மன்னிப்பான். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர் மன்னித்தால்தான் உண்டு. அஸீலாவின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் டீச்சர் தம் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வரைதான் முடியுமாம். என்னைத் திட்டுவதானால் வந்து திட்டுங்கள். பிள்ளையை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் உம்மாவுக்கும் அங்கே உள்ள எல்லாருக்கும் என் சலாம். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பொழியட்டும்.

இப்படிக்கு,
ஆசியா உம்மாள்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை ஆதிலிடம் கொடுத்தேன். பாதி படிக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டான். "உம்மா, அஸீலாவுக்கு அன்னைக்கே தெரியும். கார்டத் திருப்பிப் படிச்சிட்டா. 'மாமி ஒன்னைய வெளுத்துருவாவ, நீயும் வாயத் தொறக்காத'ன்னு சொன்னதே அவதான்" என்கிறான். என் மகனின் முதுகுக்காக அந்தப் பிள்ளை தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பு முழுவதும் ஆள் மாற்றிக் கேட்டது. அதை இல்லையென்று வைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தை அஸீலா கையில் கொடுங்கள். வருகிறாளா இல்லையா என்று அவளே எழுதட்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி, இதைக் கொண்டு வருகிறவரிடமே பதிலைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.