எதிர்க் கடை மெஷினின் பதினேழு குறைகள்

அறிவு வளர்வது பல்கலைக்கழகங்களால்தான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள், மரம் அறுக்கும் மெஷின் விற்கும் கடைக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைக்காதவர்கள். தன் பொருளை அடியோடு மறந்து, பிறர் பொருளையே நாள் முழுக்க நினைத்து உருகுவது முற்றும் துறந்தவர்களுக்கும் எளிதில் வாய்க்காத குணம். எங்கள் கடையில் அது காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிவிடும்.

நாங்கள் விற்பது சிவப்பு மெஷின். தெருவுக்கு அந்தப் பக்கம், சரியாக எங்கள் வாசலுக்கு எதிர் வாசலில், மஞ்சள் மெஷின் விற்கிறார்கள். நான் பதினோரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். என்னை விற்பனையாளன் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலாளி எனக்கு அட்டை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் என் பதவி ‘ஒப்பீட்டு ஆலோசகர்’. மஞ்சள் மெஷினைப் பற்றி நான் பேசுவதற்கு மற்றவர்கள் வேறு பெயர் வைக்கலாம். எங்கள் கடையில் அதற்கு ‘வாடிக்கையாளர் விழிப்புணர்வு’ என்று பெயர்.

முதலாளியும் எதிர்க் கடைக்காரரும் சகலைகள். அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். “சகலை, சர்க்கரை எவ்வளவு இருக்கு இப்போ?” என்று அக்கறையாக விசாரிப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அவரவர் ஷட்டரைத் தூக்கியதும், ஒருவர் விற்பது மெஷினே இல்லை என்று மற்றவர் சொல்லத் தொடங்குவார். குடும்பத்தையும் தொழிலையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருப்பவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாரா வாரம் திங்கட்கிழமை எங்களுக்கு ‘ஒப்பீட்டுக் கூட்டம்’ உண்டு. முதலாளி, நான், மெக்கானிக் ஆகிய மூவரும் கலந்துகொள்வோம். தீர்மானங்களை நான் நோட்டில் எழுதுவேன். ஒரு கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தை மாதிரிக்குத் தருகிறேன்: ‘மஞ்சள் மெஷின் சத்தத்தால் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது. நிறுத்திவிட்டனவாம் என்றே சொல்ல வேண்டும்.’ நேர்மையில் எங்கள் முதலாளி அவ்வளவு கண்டிப்பானவர்.

கடையின் பின்பக்க மேசையில் ஒரு மஞ்சள் மெஷின் கழற்றிக் கிடக்கும். ஆராய்ச்சிக்காக வேறு ஊரிலிருந்து வாங்கி வரவழைத்தது. அதன் ஒவ்வொரு திருகும் மெக்கானிக்குக் கூடப்பிறந்தது மாதிரி. அதிலிருந்து பதினேழு குறைகளைக் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன்.

எங்கள் சிவப்பு மெஷின்களோ கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கௌரவமாக இருந்தன. அவற்றோடு வந்த விளக்கப் புத்தகங்களும் உறை கிழியாமல்தான் இருந்தன. ஒருமுறை நகராட்சிப் பூங்கா அதிகாரி வந்தார். பதினேழு குறைகளையும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “சரி, உங்க மெஷினை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க” என்றார்.

அப்படி ஒரு கோரிக்கை எங்களுக்குப் புதிது. நான் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். முதலாளி இழுத்தார். மெக்கானிக் இழுத்து இழுத்து வியர்த்துப்போய், “மஞ்சளா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணிடுவேன் சார்” என்றார்.

முதலாளி அசரவில்லை. “பாத்தீங்களா சார்? கண்டவங்க கைக்கு இது ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவு பாதுகாப்பு!”

அதிகாரி மூன்று மெஷின் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த கடைக்கு ஒரு திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கூடவே ஒரு சின்ன அட்டைப் பெட்டி. கூட்டத்தில் நான் கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். சிவப்பு மெஷினில் கைக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அறுக்கும்போது மெஷின் எகிறி உதைத்தால், கை அந்தத் தடுப்பில் பட்டு, ஓடுகிற செயின் அப்படியே நிற்க வேண்டும். அதை நிறுத்தும் பிரேக்கின் ஸ்பிரிங் இந்த வருடத்து மெஷின்களில் பலவீனமாக வந்துவிட்டது, பெட்டியில் உள்ள புது ஸ்பிரிங்கை மாட்டாமல் ஒரு மெஷினையும் விற்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

“யாரு எழுதினது இது?” என்றார் முதலாளி.

“நம்ம கம்பெனிதாங்க.”

“நம்ம கம்பெனியே நம்மளப் பத்தித் தப்பா பேசுதா?” முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “மஞ்சளைப் பத்தி ஏதாவது இருக்கா அதுல?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குய்யா கூட்டத்துல வாசிக்கிற?”

மெக்கானிக் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மஞ்சள்னா பத்து நிமிஷ வேலை. நம்மளுதுல பிரேக் மூடியை எங்க கழட்டறதுன்னே தெரியலையே” என்றார். விளக்கப் புத்தகத்தைப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கடை மரபுக்கு விரோதமான யோசனை என்பதால் சொல்லவில்லை. கடிதமும் பெட்டியும் என் மேசை டிராயருக்குள் போயின. தீர்மான நோட்டில் ‘பிற விஷயங்கள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். கணவன் மனைவி. கணவருக்கு மரம் ஏறி அறுக்கிற தொழில். நல்ல உயரம். ஏணி இல்லாமலே எந்த மரத்திலும் ஏறிவிடுவார் என்பதால் ‘ஏணி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட மதிலோரம் சாய்ந்து நிற்கிற ஏழு பெரிய மரங்களை அறுக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் எங்கள் சிவப்பு நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நின்றார். மனைவி நிறத்தைப் பார்க்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்” என்றார் அந்த அம்மா. “எங்க அண்ணனும் இதே தொழில்தான். மெஷின் எகிறி தோள்ல இறங்கிடுச்சு. நாலு வருஷமா வலது கை தூக்க முடியாம வீட்டுல உக்காந்திருக்காரு. இவரு மெஷின் வாங்கினா, எகிறினா நிக்கிற மெஷினாத்தான் வாங்கணும். உங்க மெஷின் நிக்குமா?”

தெளிவான கேள்வி. நிற்கும், நிற்காது என்று இரண்டே பதில்கள்தான் உண்டு. முதலாளி மூன்றாவதைச் சொன்னார்.

“மஞ்சள் மெஷின் நிக்கும்னு யாராவது சொன்னாங்களாம்மா?”

“மஞ்சளைக் கேக்கல சார். இதைக் கேக்கறேன்.”

“நல்லாக் கேட்டீங்க. இந்தக் கேள்வியை மஞ்சள் கடையில கேட்டா அவங்களால பதில் சொல்ல முடியாது. ஆலோசகரே, அம்மாவுக்கு விளக்குங்க.”

நான் விளக்கினேன். ஒன்றாவது குறையில் தொடங்கி பன்னிரண்டு வரை மூச்சு விடாமல் போனேன். ஏணி வாயைப் பிளந்து கேட்டார். பதின்மூன்றில் அந்த அம்மா குறுக்கிட்டார்.

“அண்ணே, அதெல்லாம் சரி. இது நிக்குமா?”

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். எங்கள் தொழிலில் பெருமூச்சுக்குத் தனி இடம் உண்டு. மஞ்சள் மெஷின் வாங்கி அழிந்த குடும்பங்களெல்லாம் நினைவுக்கு வந்து நெஞ்சை அடைப்பது போல விட வேண்டும். அந்த அம்மா அது முடியும்வரை காத்திருந்தார். பிறகு கணவனைப் பார்த்து, “வாங்க, எதிர்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார்.

அரை மணி நேரத்தில் திரும்பினார்கள். ஏணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா சொல்றாரு எதிர்க் கடைக்காரர்?” என்றார் முதலாளி.

“அதையேன் சார் கேக்கறீங்க! உங்க மெஷின் புகை பட்டா தலைமுடி கொட்டுமாம். உள்ள இருக்கிற எஞ்சின் பழைய தையல் மெஷின்ல கழட்டினதாம். சிவப்பு நிறத்தைப் பாத்தா குளவி துரத்துமாம். அறுத்த மரம் ஒரே வாரத்துல உளுத்துப் போயிடுமாம்.” அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். “அஞ்சாவதா ஒண்ணு சொன்னாரு. பிரேக் ஸ்பிரிங் சரியில்ல, எகிறினா நிக்காது, தயவு பண்ணி வாங்காதீங்கன்னாரு. முதல் நாலும் புளுகுன்னு எனக்கே தெரியுது. அஞ்சாவது மட்டும் நிஜமாவா இருக்கப் போவுது?”

எதிர்க் கடையிலும் பின்பக்கம் ஒரு சிவப்பு மெஷின் கழற்றிக் கிடக்கிறது. அவர்களுடைய மெக்கானிக்கும் எங்கள் மெக்கானிக்கைப் போல உழைப்பாளி. எங்கள் ஸ்பிரிங்கை அவர் கண்டுபிடித்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

“இருந்தாலும் கேட்டு வெச்சுக்கறேன்” என்று அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, அவர் சொல்றது புளுகுதானே?”

முதலாளி என்னைப் பார்த்தார். என் கை டிராயரின் பிடியில் இருந்தது. இழுத்திருந்தால் பெட்டி தெரிந்திருக்கும். நான் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

“எதிர்க் கடையில வியாபாரம் படுத்துடுச்சும்மா” என்றேன். “பாவம், வேற என்ன சொல்லுவாங்க?”

அவர்கள் முகம் மலர்ந்தது. ஏணி பணத்தைக் கட்டிவிட்டு, மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை முதலாளி வாசலில் நின்று பார்த்தார். எதிர்க் கடைக்காரரும் தன் வாசலில் நின்று பார்த்தார். அவர் கையை உயர்த்தி எங்களிடம் எதையோ சொல்ல வந்தார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கடை நேரத்தில் சகலையோடு பேசுவதில்லை என்பதில் அவர் உறுதியானவர்.

பத்தாம் நாள் அந்த அம்மா தனியாக வந்தார். ஒரு சாக்குப் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே எங்கள் மெஷின் இருந்தது.

“வாங்கம்மா! அவர் வரலையா?” என்றார் முதலாளி.

“ஆஸ்பத்திரியில இருக்காரு.” குரல் உயரவில்லை. “மூணாவது மரம். கிளையில பட்டு மெஷின் எகிறுச்சு. கை தடுப்புல பட்டுச்சு. தடுப்பு சாஞ்சுது, செயின் நிக்கல. இடது கையில மூணு விரல் போச்சு. இனிமே மரம் ஏற முடியாதுன்னுட்டாங்க.”

பின்பக்கம் மெக்கானிக்கின் ஸ்பானர் சத்தம் நின்றது.

“எதிர்க் கடைக்காரர் உள்ளதைத்தான் சொல்லியிருக்காரு” என்றார் அந்த அம்மா. “நான்தான் சிரிச்சேன்.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நிலைகுலைந்து போயிருப்பார்கள். எங்கள் முதலாளி கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“கருநாக்கும்மா அவனுக்கு” என்றார். “எனக்கு அப்பவே பக்குன்னுது. நல்லா இருந்த மெஷினைப் போய் நிக்காது நிக்காதுன்னு வாய் வெச்சான் பாருங்க. அவன் வாயில விழுந்த எதுதான் உருப்பட்டிருக்கு? என் சகலை, எனக்குத் தெரியாதா? இந்தப் பாவம் அவனைச் சும்மா விடாது!” என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “எழுதிக்கய்யா, பதினெட்டு” என்றார்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் பேனா எழுதவில்லை. மையில் ஏதோ கோளாறாக இருக்கும்.

அந்த அம்மா முதலாளியைத் தாண்டி என்னைப் பார்த்தார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. கோர்ட்டு கேஸுன்னு போகற தெம்பு எனக்கு இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். நாங்க வாங்கின அன்னிக்கு அந்த ஸ்பிரிங் சரியில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா” என்றேன்.

எங்கள் மெஷினைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு, எதிர்க் கடையை இழுக்காமல், சுற்றி வளைக்காமல், எங்கள் கடை கொடுத்த முதல் நேரடியான பதில் அது. அதுவும் பொய்.