டெலிவரி முறைகள்: ஓர் ஒப்பீடு

வெளி நிபுணராக வந்து உட்கார்ந்திருப்பவர் மகப்பேறு மருத்துவர் என்பது, கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் செயற்பொறியாளருக்குத் தெரிந்தது.

அவர் எழுத்தரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“யாருய்யா இவங்களை வரச் சொன்னது?”

“நாமதான் சார். நிபுணர் வேணும்னு போட்ட லெட்டர்ல ‘நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கான டெலிவரி முறைகள்’னு அடிச்சேன். கம்ப்யூட்டர்ல பொருள் கட்டம் சின்னது, அவ்வளவும் ஏறல. முன்பாதியை வெட்டிட்டேன்.”

“வெட்டிட்டு?”

“‘டெலிவரி முறைகள்’னு எல்லாத் துறைக்கும் போயிடுச்சு. சுகாதாரத் துறை மறுநாளே ஆள் போட்டுட்டாங்க சார். நம்ம ஆளுங்கதான் பதிலே போடல.”

செயற்பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு புறவழிச்சாலைக்காக நான்கு ஆண்டுகள் அலைந்தவர் அவர். ஒரு நிறுவனம் வரைந்து கொடுக்க வேறொருவர் கட்டுவதா, இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் விடுவதா என்ற ‘டெலிவரி முறை’யைத் திட்டக் குழு இன்று ஐந்து மணிக்குள் முடிவு செய்ய வேண்டும். தவறினால் ஒப்புதல் காலாவதி. சாலை காகிதத்தோடு சரி. வெளி நிபுணர் இல்லாத கூட்டம் விதிப்படி செல்லாது. மணி நாலேகால்.

அவர் மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

“சும்மா உக்காந்திருங்க மேடம், போதும்.”

“சும்மா உக்காரவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

“ஒரு ரோடு பொழைக்கும் மேடம்.”

“சரி. ஆனா யாராவது கேட்டா எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்வேன்.”

சென்ற வாரம் மேலிடம் நியமித்த குழுத் தலைவர் சரியாக நாலரைக்கு வந்தார். மேசையில் செயற்பொறியாளர் வைத்திருந்த அறிக்கையைத் திறக்கவில்லை.

“அதெல்லாம் பாத்தாச்சு. நிபுணரைக் கேப்போம்.”

“மேடத்துக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்” என்றார் செயற்பொறியாளர் அவசரமாக.

“அடடா.” தலைவர் நாற்காலியை இழுத்துப்போட்டு மருத்துவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “மெதுவாவே சொல்லுங்கம்மா. இதுவரைக்கும் எத்தனை டெலிவரி பாத்திருப்பீங்க?”

“ஒன்பதாயிரம் இருக்கும்.”

குழுவினரின் பேனாக்கள் நின்றன.

“எல்லாம் சின்னச் சின்னது” என்று சமாளித்தார் செயற்பொறியாளர்.

“ஆமா,” என்றார் மருத்துவர். “மூணு கிலோ வரும்.”

“கிலோமீட்டர்” என்று செயற்பொறியாளர் பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார். தலைவர் மட்டும் எல்லாம் புரிந்தவர்போல் தலையசைத்தார்.

“சேதம் எப்பம்மா அதிகம்?”

“கை மாறும்போதுதான். ஆரம்பத்துல ஒருத்தர், கடைசியில இன்னொருத்தர்னா, ஏதாவது ஆச்சுன்னா அவர் இவரைச் சொல்வார், இவர் அவரைச் சொல்வார்.”

“வெயிட் ஜாஸ்தின்னா?”

செயற்பொறியாளர் கண்களை மூடிக்கொண்டார்.

“முன்னாடியே ஸ்கேன் பாத்துடணும்.”

“லேட்டாச்சுன்னா?”

“வெளியே காத்துக்கிட்டிருக்கறவங்களுக்குப் பதில் சொல்லி மாளாது.”

“ஆக, முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் ஒரே கையில இருக்கணும்?”

“ஆமாங்க. கையில கொடுத்ததோட விட்டுடவும் கூடாது. கொஞ்ச நாள் நல்லா இருக்கான்னு பாத்துக்கணும்.”

செயற்பொறியாளர் கண் திறந்தார். அவருடைய நாற்பது பக்க அறிக்கை சொல்லத் திணறியது இதைத்தான். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றும் ஒரே ஒப்பந்தம் என்று தீர்மானத்தை எழுதி நீட்டினார். தலைவர் எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

அறை காலியானதும் செயற்பொறியாளர் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். தலைவரை வழியனுப்பிவிட்டு அலுவலக உதவியாளர் திரும்பி வந்தார்.

“தலைவர் என்னய்யா சொன்னார்? திருப்திதானே?”

“ரொம்ப சார். ‘முப்பது வருஷம் தபால் துறையில இருந்தேன், பார்சலைப் பத்தி இவ்வளவு தெளிவா ஒருத்தர் பேசி நான் கேட்டதே இல்ல’ன்னு சொல்லிக்கிட்டே கார்ல ஏறினார்.”