ரிஜெக்ட் மாஸ்டரின் ஆர்கெஸ்ட்ரா

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்தவர்கள் இவர்கள். தையல் செக்‌ஷன் ரோசி, வயலினோடு. கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதும் கரீம் பாய். ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்க்கும் தணிகாசலம், புல்லாங்குழலோடு. சர்ச் பேண்டில் டிரம் அடிக்கும் நான். எங்கள் எதிரில், கையில் ஒரு பென்சிலோடு, ரிஜெக்ட் மாஸ்டர்.

கடவுள் உலகத்தைப் படைத்தபோது ரிஜெக்ட் மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தால் ஏழாம் நாள் லீவு கிடைத்திருக்காது. முதல் நாள் வெளிச்சமே திரும்பி வந்திருக்கும்.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அவர் ஃபைனல் செக்கிங். பெட்டிக்குள் போகும் முன் ஷூ அவர் கைக்கு வரும். இடதையும் வலதையும் சேர்த்து வைப்பார். மூக்கு வரை தூக்கிப் பார்ப்பார். நூல் அளவு வித்தியாசம் இருந்தாலும் ரிஜெக்ட் என்பார். அந்த வார்த்தையே அவருக்குப் பேர் ஆனது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டுக்குத்தான் தெரியும். ஓட்டலில் இரண்டு இட்லி வைத்தால் முதலில் ஜோடி சேர்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் சட்னி.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஏதோ வீடியோ பார்த்தார். வெளிநாட்டு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. நூறு பேர். எல்லா வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மணி அடித்த பிறகு என்னிடம் சொன்னார்.

"நூறு பீஸ்ல ஒண்ணுகூட ரிஜெக்ட் இல்லப்பா. இந்த மாதிரி ஒரு லைனு நம்ம ஊர்ல ஓட்டணும்."

சர்ச்சில் பாடியதால் அவருக்கு இசை நோட்டேஷன் படிக்கத் தெரியும். வேலூரில் ஆர்கன் வாசிக்கும் ஒருவரைப் பிடித்து, ஒரு சிம்பொனியின் முதல் பாகத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். ஆளுக்கு ஒன்பது பக்கம். எங்களுக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கம்பெனியின் பழைய கேன்டீனில் ஞாயிறு மதியம் ஒத்திகை.

தாளோடு ஒரு பட்டியலும் வந்தது. எந்த வாத்தியம் எத்தனை என்று. புல்லாங்குழல் இரண்டு. கிளாரினெட் இரண்டு. டிரம்பெட் இரண்டு. ஷூக்காரர் கண்ணுக்கு இரண்டு என்றால் வேறென்ன? இடது, வலது. ஒரு டிரம்பெட்டை இந்தச் சுவரோரம் உட்கார வைத்தார். இன்னொன்றை அந்தச் சுவரோரம். நடுவில் முப்பது அடி. கரீம் பாயும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்து ஒரே வண்டியில் வருவார்கள். வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொள்வார்கள்.

ஜோடி பொருந்தவும் வேண்டும். தணிகாசலம் ஆறடி. அவர் அளவுக்கு இன்னொரு ஆளைக் கூட்டி வரச் சொன்னார் மாஸ்டர். தணிகாசலம் தன்னோடு வேலை பார்ப்பவரைக் கூட்டி வந்தார். அதே உயரம், அதே நிறம், மீசைகூட அதே. மாஸ்டர் இருவரையும் ஒட்டி நிற்க வைத்து ஒரு சுற்று வந்தார். பாஸ் என்றார். அந்த ஆள் அதுவரை புல்லாங்குழலைத் தொட்டதே இல்லை. தணிகாசலம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"அது கத்துக்கலாம்பா. உயரத்த கத்துக்க முடியுமா?"

இப்படி இரண்டிரண்டாக வளர்ந்தோம். ரோசி தையல் செக்‌ஷனில் இருந்து பெண்களைக் கூட்டி வந்தாள். எனக்கும் ஜோடி டிரம் வேண்டும் என்றார் மாஸ்டர். தோல் பதனிடும் டேனரியில் கெமிக்கல் வரும் நீல பேரல் இரண்டை அறுத்துக் கழுவி, ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டினோம். மழை நாளில் தோல் தொய்யும். மாஸ்டர் மழையை ரிஜெக்ட் செய்தார். பக்கத்தில் ரயில் போனால் ரயிலையும் ரிஜெக்ட் செய்தார். ரயில்வேக்காரர் என்பதால் தணிகாசலம் தலையைக் குனிந்துகொள்வார். மூன்றாம் வருஷம் முப்பத்தாறு பேர் ஆனோம்.

எல்லாம் நன்றாக இருந்தது. ஒன்றுதான் குறை. பாட்டு முடியாது.

எங்காவது ஒரு சுரம் பிசகும். மாஸ்டரின் இடது கை மேலே போகும். ரிஜெக்ட், முதல்ல இருந்து என்பார். பிசகியவர் சட்டையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று விழும். ஷூவில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவது அது. கரீம் பாய் ஒரு நாள் பதினொரு அம்புக்குறியோடு வீட்டுக்குப் போனார். எங்கெங்கே அடிபட்டது என்று அவர் மனைவி கேட்டாராம்.

ஐந்தாம் பக்கத்தை நாங்கள் தாண்டியதே இல்லை. முதல் பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கிழிந்து டேப் ஒட்டினோம். கடைசிப் பக்கம் கடையில் இருந்து வந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. அந்தப் பக்கத்தை அவரவர் வீட்டில் வாசித்துப் பார்த்துக்கொள்வோம். சேர்ந்து வாசித்ததில்லை.

இந்த லட்சணத்தில் சர்ச் ஹாலில் கச்சேரி வைத்துவிட்டார். நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. முந்தின நாள் ஒத்திகையில் ஒன்பது தடவை நிறுத்தினார். ஒன்பதாவது தடவை கரீம் பாய் எழுந்தார். கோபமே வராத மனிதர்.

"மாஸ்டர், மூணு வருஷமா வர்றேன். இந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஜனங்க முன்னாடி நிறுத்தினீங்கன்னா, டிரம்பெட்ட பொட்டில வெச்சுட்டுப் போய்க்கினே இருப்பேன். அதுக்கப்புறம் வரமாட்டேன்."

நானும் வரமாட்டேன் என்றாள் ரோசி. அவள் பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் வில்லை மடியில் வைத்தார்கள்.

மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இருபத்தாறு வருஷமா செக்கிங் பண்றேன் பாய். தப்புன்னு தெரிஞ்சு ஒரு ஜோடிகூட பாஸ் பண்ணதில்ல."

"நாங்க இன்னா ஷூவா மாஸ்டர்?"

மாஸ்டர் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஹால் நிறைந்தது. கம்பெனி ஆட்கள், சர்ச் ஜனங்கள், கரீம் பாய் தெருக்காரர்கள். மாஸ்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். எங்களைப் பார்த்தார். பென்சிலைத் தூக்கினார். ஆரம்பித்தோம்.

நாலாம் பக்கம் வரை ஒழுங்காகப் போனது. அங்கே நான் ஒரு அடி முன்னால் அடித்துவிட்டேன். எல்லா வாத்தியமும் அடங்கி நிற்க வேண்டிய இடம். பேரல் மட்டும் தனியாக இடித்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

மாஸ்டரின் இடது கை கிளம்பியது. மார்பு வரை வந்தது. கரீம் பாய் டிரம்பெட்டை வாயில் இருந்து எடுத்தார். காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். ரோசியின் வில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண் மட்டும் மாஸ்டர் மேல். அந்தக் கை இன்னும் ஒரு சாண் ஏறினால் ஆர்கெஸ்ட்ரா இல்லை. தப்பு என்னுடையது.

மாஸ்டர் அந்தக் கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டார்.

வலது கை மட்டும் தாளம் போட்டது. கரீம் பாய் டிரம்பெட்டை மறுபடி வாயில் வைத்தார். அதற்குப் பிறகும் பிசகு வந்தது. ஐந்தாம் பக்கத்தில் கிளாரினெட். ஆறாம் பக்கத்தில் தணிகாசலத்தின் ஜோடி ஆள். ஏழில் நான், இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் எலி மாட்டிக்கொண்ட மாதிரி பாக்கெட் குதித்தது. கை வெளியே வரவில்லை.

எட்டாம் பக்கம். ஒன்பது. நாங்கள் சேர்ந்து போயிராத இடம். அங்கே எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு மூலையில் இருந்தும் டிரம்பெட் ஒன்றாக ஏறி நடுவில் வந்து சேர்ந்தது. வயலின் எல்லாம் ஒரே ஆள் வாசிப்பது போல இருந்தது. கடைசிச் சுரம் வந்தது. வாசித்தோம். நின்றது.

மாஸ்டரின் வலது கை மேலேயே இருந்தது. முடிவு வரை அவரும் போனதில்லை. எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. முடிந்ததா இல்லையா என்று ஜனங்களுக்கும் தெரியவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. நாங்கள் முதலில் வாத்தியத்தை இறக்கியிருக்கலாம். யாரும் இறக்கவில்லை. வில் தந்தி மேலேயே, டிரம்பெட் உதட்டிலேயே. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர் வைத்திருக்கட்டும் என்று இருந்தோம்.

டிரம்காரனுக்கு அடிக்காதபோது எண்ணுவதுதான் வேலை. அவர் கை இறங்கும் வரை எண்ணினேன்.

பதினேழு.