படகின்மேல் படர்ந்த பீர்க்கங்கொடி

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் கூடண்ணனைப்போல் சுத்தமான மனிதர் பிறந்ததில்லை. இனி பிறக்கவும் வேண்டாம். ஓர் ஏரிக்கு ஒருவர் போதும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயை உரித்தால் உள்ளே நார் இருக்குமே, முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூடு, அதிலிருந்து வந்த பெயர்தான் கூடண்ணன். கரை ஏறியதும் கூட்டோடு கிணற்றடிக்குப் போவார். நாங்கள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி வந்து பார்த்தால் இடது கை முடிந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் எல்லாம் கிழிந்த நைலான் வலையைச் சுருட்டித் தேய்த்துக்கொள்வோம். செலவில்லை.

"மீன் புடிக்கிற வலையயே முதுகுல தேச்சினு, மீன் நாத்தம் போவலனு அழுவுறீங்களே!" என்பார். நாங்கள் தேய்த்துக்கொண்டே இருப்போம்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு பாய், கூடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். கூடண்ணன் வாரம் தவறாமல் அங்கே போவார். வாங்க அல்ல. ஒவ்வொன்றாக மோந்து பார்க்க.

"பாய், இது யார் வூட்டுக் கொடி?"

"எனக்கு இன்னா தெரியும்? மூட்டையில வருது."

"எவன் முதுகுல இருந்து வருதோ."

"புதுசுய்யா!"

"நீ சொல்ற. கூடு சொல்லலியே."

பாய் தராசுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அடுத்த வாரமும் இவர் போவார். பாயும் திட்டிக்கொண்டே டீ சொல்வார்.

வாங்க மாட்டார் என்றால் வளர்க்க வேண்டும். எங்கள் மணலில் எது வளரும்? கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் ஊற்று தூரத்தில் இருந்தது. பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். நடுவில் இவர்.

"கூடண்ணே, குடிக்கவா, கொடிக்கா?"

"கொடிக்கு."

"அப்ப கடசில போய் நில்லு."

போய் நிற்பார். பொய் சொல்லத் தெரியாது.

காய் பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் வலைநூல் கட்டிவிடுவார். கட்டினால் அது கூட்டுக்கு. யாரும் பறிக்கக் கூடாது. அவர் மனைவி தனம்மாக்கா ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒன்றைப் பறித்துத் துவையல் அரைத்துவிட்டாள். இரண்டு உருண்டை சோறு போனது.

"நல்லா கீதே. எதுல அரச்ச?"

"வேலி ஓரத்துல மூணாவதா தொங்கிச்சே."

கை கழுவிவிட்டு எழுந்தார். மூன்று நாள் பேசவில்லை. துவையலை மட்டும் மறுநாள் கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள்.

இனி படகு விஷயம்.

நான், என் மச்சான் தேசப்பன், கூடண்ணன் மூவருக்கும் சேர்த்து ஒரு படகு. அந்த வருஷம் ஓட்டை அடைத்துத் தார் பூசி, கூடண்ணன் வேலிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டோம். ஏரியில் தண்ணீர் வற்றிய காலம். படகுக்கு வேலையில்லை. கொடி வேலியைத் தாண்டிப் படகின்மேல் ஏறியது. நாங்கள் சிரித்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. இரண்டு மாதத்தில் படகைக் காணோம். இலையும் காயும்தான் தெரிந்தது.

எங்கள் ஊரில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கிற இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு நாள். அந்த நாளில் படகு இறங்கவில்லை என்றால் பாடு போச்சு. கெஞ்சினாலும் வேறு நாள் கிடையாது. கடல் தண்ணீர் மறுபடி ஏரிக்குள் ஏறியதும், மழைக்கு முன்னால் எங்களுக்கு விழுந்தது ஒரே ஒரு பாடு. மூன்று வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் இருந்தது.

முந்தின நாள் காலையில் போனோம்.

"அண்ணே, நாளைக்குப் பாடு. கொடிய எடுக்கணும்."

"காய் பச்சையா கீது."

"இறால் காத்துனு இருக்காது."

"காயும் வெட்டுனப்புறம் முத்தாது."

தேசப்பன் கத்தியை எடுத்தான். கூடண்ணன் படகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"பாய் கடையில தொங்குது கூடு! அதுக்காக எங்க சோத்துல மண்ணு போடுவியா?" என்று தேசப்பன் கத்தினான்.

"எனக்கும்தான்டா பாடு. எனக்குப் பசிக்காதா?" என்றார். ஆனால் இறங்கவில்லை.

ஊர் கூடிவிட்டது. தனம்மாக்காதான் வழி சொன்னாள்.

"கனமான வலைய அறுக்காம தூக்கறீங்க இல்ல? கொடிய தூக்க மாட்டீங்களா?"

கூடண்ணன் இறங்கினார். எட்டுப் பேர் படகு தள்ளுகிற கழியையும் வலை கட்டுகிற கழியையும் கொடிக்கு அடியில் விட்டோம். வலை இழுக்கும்போது கத்துவதைப்போல் கத்தித் தூக்கினோம். மற்றவர்கள் படகை இழுத்தார்கள். படகு வெளியே வந்தது. ஒரு காய்கூட விழவில்லை. கைதட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை. எங்கள் கையில் கொடி இருந்தது.

"இப்ப இன்னா பண்றது?" என்றேன்.

"புடிச்சினே நில்லு" என்றார் கூடண்ணன்.

"கழிய இங்க நட்டுட்டா படக எதால தள்றது? வலைய எதுல கட்றது?" என்றான் தேசப்பன்.

கூடண்ணன் கொடியைப் பார்த்தார். படகைப் பார்த்தார். வீட்டுப் பின்பக்கம் போனார். தடதடவென்று சத்தம் கேட்டது. ஆறு சவுக்குக் கழிகளோடு வந்தார். அடுப்படிக் கொட்டகையைப் பிரித்துவிட்டிருந்தார்.

"யோவ்! அது என் அடுப்படி!"

"அடுப்பு கீது. கொட்டாதான் இல்ல."

ஆறு கழியையும் நட்டார். நாங்கள் கையை எடுத்தோம். கொடி நின்றது.

மறுநாள் விடியும்போது படகு ஏரியில் இறங்கியது. இறால் சுமார்தான். ஆனால் மூன்று வீட்டிலும் உலை கொதித்தது. ஒரு வீட்டில் வெட்டவெளியில் கொதித்தது. காய்கள் காய்கிற வரைக்கும் அக்கா வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு குழம்பு வைத்தாள். முதல் மழைக்கு முன்னால் கூடண்ணன் கொட்டகையைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்குக் கழி பிடித்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு கூடு வந்தது. கத்தி எடுத்த தேசப்பனுக்கு இரண்டு. என் கூட்டை உதறினேன். கறுப்பாக ஏழு விதை விழுந்தன.

"கீழ போடாத. நடு," என்றார்.

நட்டேன்.

கூடண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் பொன்னேரிக் கடையில் கூடு தொங்கியது. கையில் எடுத்தேன். மோந்து பார்த்தேன்.

"யார் வூட்டுக் கொடி?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.