பங்காளித் தீர்ப்பும் மச்சான் தீர்ப்பும்

தென்காசியில் கறுப்பு அங்கி அணிந்தவர்களுள், எதிர்க்கட்சிக்காரரையும் சொந்தக் கட்சிக்காரரையும் ஒரே நேரத்தில் கலங்கடித்தவர் ஜாடை வக்கீல் ஒருவரே. இது மிகையன்று, பல்லாண்டுகள் அவரோடு ஓர் அலுவலகத்தைப் பகிர்ந்துகொண்டவனின் வாக்குமூலம்.

பழைய தீர்ப்புகளுக்குள் முகஜாடை பார்ப்பது அவர் வழக்கம். பெண் பார்க்கப் போனவரைப் போல ஒரு தீர்ப்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நம்ம வழக்குக்குப் பங்காளி. கிட்ட சேக்காதீய" என்பார். சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பது பங்காளித் தீர்ப்பு: ஒரே வீட்டு முகம், ஆனால் வரப்புக்காக வெட்ட வரும். ஒரு சொல்லும் ஒட்டாமல் காரணம் மட்டும் ஒத்திருப்பது மச்சான் தீர்ப்பு: வேறு வீட்டுக்காரன், ஆபத்துக்கு ஓடி வருவான். சட்டத்தை முறையாகப் பயின்ற எனக்கு இதைக் கேட்டாலே உடல் கூசும்.

"ஓய், நீதிமன்றம் என்ன கலியாண மண்டபமா?"

"ரெண்டு எடத்துலயும் கூட்டம் சாப்பாட்டுக்குத்தான அண்ணாச்சி கலையுது!"

பின்னர், தீர்ப்புகளின் ஒற்றுமையை அளக்கும் மென்பொருள் வந்தது. வழக்கின் சுருக்கத்தைத் தட்டினால், நெருங்கிய தீர்ப்புகளை மதிப்பெண் போட்டு வரிசையாக நிறுத்தும். ஜாடை வக்கீல் திரையைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார். "பங்காளி பூராவையும் பந்தியில உக்கார வச்சிருக்கு. மச்சானுக்கு ஒரு எலை இல்ல!"

அச்சமயத்தில்தான் இசக்கியம்மாள் வந்தார். குற்றாலத்தில் அருவிக்குச் செல்லும் சாலையில் அவருடைய தேநீர்க் கடை இருந்தது. வேறு பிழைப்பு இல்லை. இடத்துக்காரரோ, "சீசனுக்கு மட்டும் கடை போட அனுமதித்தேன், இவர் வாடகைதாரர் அல்லர், வெளியேற வேண்டும்" என்று வழக்குத் தொடுத்தார். மென்பொருள் முதலிடம் தந்த தீர்ப்பை இடத்துக்காரரின் வழக்கறிஞர் நீட்டினார். அதிலும் அருவி, அதிலும் சீசன், அதிலும் தேநீர்க் கடை. கடைக்காரர் தோற்றிருந்தார்.

எங்கள் தரப்பில் அன்று வாதாட எழுந்தவர் ஜாடை வக்கீல். அவர் நீட்டியதோ ஒரு சைக்கிள் ஸ்டாண்டு வழக்கின் தீர்ப்பு.

நீதிபதி புருவத்தை உயர்த்தினார். "அருவிக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் என்ன சம்பந்தம், வக்கீல் சார்?"

"சம்பந்தமேதான், ஐயா. பங்காளி இல்ல."

மன்றமே சிரித்தது. நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவரோ, எந்த விதியையும் மதியாமல், பின்னால் நின்ற இசக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, சீசன் முடிஞ்சு கடையப் பூட்டினா சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றார்.

"எங்கிட்டதாய்யா. வேற யாருகிட்ட இருக்கும்?"

"சைக்கிள் ஸ்டாண்டுக்காரன்கிட்டயும் அப்படித்தான் இருந்துச்சு, ஐயா. சாவி வச்சிருந்தவன் வாடகைதாரன்னு ஜெயிச்சான். அந்த அருவிக் கடைக்காரன் தெனமும் சாவிய இடத்துக்காரன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான். மூஞ்சி ஒண்ணு, சாவி வேற."

சிரிப்பு அடங்காத அறையில் இது எத்தனை பேர் காதில் விழுந்ததோ! தீர்ப்பில் அருவி வழக்கே நின்றது. சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு வரியும் இல்லை.

படியிறங்கும்போது, "சிரிக்க வச்சிட்டேன், அண்ணாச்சி. அதான் தோத்துட்டோம்" என்றார். அதன்பின் அவர் எந்தத் தீர்ப்புக்கும் ஜாடை சொல்லவில்லை. அடுத்த சாரலுக்கு அவரே இல்லை.

கடையை இடித்துவிட்டார்கள். அந்த இடம் இப்போது இருசக்கர வாகன நிறுத்துமிடம். அருவிக்கும் ஸ்டாண்டுக்கும் அப்படியாவது சம்பந்தம் ஏற்பட்டது! மேல்முறையீடு நிலுவையில் கிடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இசக்கியம்மாள் அந்தச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறார். அது திறக்க ஒரு கதவுதான் இல்லை. வெல்வோம் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. ஆயினும் சைக்கிள் ஸ்டாண்டுத் தீர்ப்பையே முதலில் வைத்திருக்கிறேன். என்ன சம்பந்தம் என்று கேட்டால், சிரிப்புக்கு அஞ்சாமல் சொல்லுவேன்.

அவருக்கும் எனக்கும் ஒரு நாளும் ஒரு சொல்கூட ஒத்ததில்லை. அவர் வகுத்த முறைப்படி பார்த்தால், அவர் எனக்கு மச்சான்.